எட்டாம் வேற்றுமை



மனிதருக்குள்ளே காணப்படும் வேறுபாடுகளை மதிக்க இளம் மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். இலக்கிய நிகழ்ச்சியொன்றில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நான் தமிழ் கற்பிப்பவன். சமூகவியலும் உளவியலும் எனக்குப் புறத்துறைகள். ஆகவே என் வகுப்பறையின் வழியாகவே, இலக்கணத்தின் வழியாகவே இதற்குள் நுழைகிறேன்.

புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாடிய 192ஆம் பாடலை அறியாத மாணவர் நம் நாட்டில் இல்லை. பேச்சுப் போட்டி எதுவானாலும் அதன் முதலடி மேடையேறிவிடும். தமிழ்த்தினப் போட்டிகளில் நடுவராக இருந்த நாட்களில் ஒரே காலைப் பொழுதில் அதனைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். பாடலின் முடிவு பிறரை இகழாமை பற்றியது என்பதை அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர் என்பது வேறு கதை. உலகம் முழுவதையும் உறவென்று முழங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கும் மாணவனிடம், அவன் வீட்டுக்கு நான்கு ஒழுங்கை தள்ளியிருக்கும் குடியிருப்பில் யார் வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. அல்லது தெரியும், சொல்லக் கூசுவான். இரண்டாவதுதான் எங்கள் பகுதியில் அதிகம்.

நான் வாழும் உடுப்பிட்டி, சிவசம்புப் புலவரைத் தந்த ஊர். அமெரிக்க மிசன் 19ஆம் நூற்றாண்டிலேயே பள்ளி நிறுவிய ஊர். வடக்கே இரண்டு மைலில் வல்வெட்டித்துறைக் கடல், மறுபக்கம் நெல்லியடிச் சந்தையும் கரவெட்டியும். கல்வியிலே பெயர் பெற்ற பகுதி. ஆனால் அந்தக் கல்வி எல்லாருக்கும் ஒரே வாசலால் வந்ததன்று. 1930ஆம் ஆண்டை ஒட்டி, அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் அமரவேண்டும் என்ற கட்டளை வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பும், சில பள்ளிக் கொட்டகைகள் எரிக்கப்பட்டமையும் வரலாறு. அதற்கும் முன்னரே, 1914இல், கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று கரவெட்டிப் பகுதியில் சைவப் பள்ளியொன்றைத் தொடக்கினார் சைவப் பெரியார் சூரன். அதுவே இன்றைய தேவரையாளி இந்துக் கல்லூரி. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து ஒன்பது வருடங்களுக்குப் பின்னர், 1966 ஒக்ரோபர் 21இல், சுன்னாகத்தில் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. அந்தக் காலத்திலேதான் நெல்லியடித் தேநீர்க்கடைகளுக்குள்ளும் சமமாக இருந்து தேநீர் குடிக்கும் உரிமைக்குப் போராட வேண்டியிருந்தது.

இவை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் ஒரு சாரார் வெட்கத்தினாலும் மறு சாரார் வேதனையினாலும் பேசுவதில்லை. வகுப்பிலே கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது, டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது என்று குறிப்பெழுதிப் பாடமாக்கிப் பரீட்சையிற் கக்கிவிடுவார்கள். தலைப்பிலேயே தண்ணீர் இருக்கிறதே, அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டால் விழிப்பார்கள்.

உபதேசத்தால் இதனை மாற்றலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. "எல்லோரும் சமம்" என்று பத்துத் தரம் எழுதச் சொன்னால் பிள்ளை பத்துத் தரம் எழுதும். அழகான எழுத்தில் எழுதும். அவ்வளவுதான்.

பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வகுப்பறைக்கு வெளியே அனுப்பி, தாமே தேடி அறியச் செய்வது ஒரு வழி. இது புதியதன்று. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்றிக் 1918இல் செயற்றிட்ட முறை பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் ஆசிரிய கலாசாலைகளில் படிக்கப்பட்டது. எங்கள் நாட்டிலும் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில், 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை தொழின்முன்னிலைப் பாடம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சுற்றாடலில் உள்ள தொழிலொன்றைத் தெரிந்து, அதனை நேரிற் பார்த்து, செய்பவரிடமே கேட்டுக் கற்பது அதன் நோக்கம். மட்பாண்டம், மீன்பிடி, பன்னவேலை என்று ஊருக்கு ஊர் வேறுபடும். என் பார்வையில் இந்த நாட்டுப் பாடத்திட்டங்களில் தோன்றிய நல்ல எண்ணங்களுள் அது ஒன்று. 1977இல் ஆட்சி மாறிய கையோடு அதுவும் மறைந்தது. "என்ரை பிள்ளை சட்டி பானை வனையவோ பள்ளிக்கூடம் போகுது?" என்று அந்நாளில் கேட்ட பெற்றோரைப் பற்றி எனக்குக் கற்பித்த ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குள்ளே எல்லாம் இருக்கிறது.

பின்னர் 1990களின் பிற்பகுதிச் சீர்திருத்தங்களோடு செயற்றிட்டம், பாடசாலைமட்டக் கணிப்பீடு ஆகிய சொற்கள் மீண்டும் வந்தன. வந்த வேகத்திலேயே அவை கடைச்சரக்கும் ஆயின. இப்போது போட்டோப்பிரதிக் கடைக்குப் போனால் "சேர், என்ன தலைப்பு வேணும்?" என்று கேட்கிறார்கள். பனைவளம், டெங்கு, சூழல் மாசடைதல், எல்லாம் வண்ணப் படத்தோடும் பிளாஸ்ரிக் உறையோடும் ஆயத்தமாக இருக்கின்றன. பிள்ளை தன் பெயரை மட்டும் எழுதினாற் போதும்.

எனவே 10ஆம் வகுப்புக்கு நான் கொடுத்தது எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒன்று: சொற்கள். உடுப்பிட்டியைச் சுற்றி மூன்று மைல் வட்டத்தில் ஒரு தொழிலைச் செய்பவரிடம் போய், அந்தத் தொழிலுக்குரிய சொற்களை அவர் வாயாலேயே கேட்டு எழுதிவர வேண்டும். அகராதியைப் பார்க்கக்கூடாது. முப்பத்தாறு மாணவர், ஆறு குழு. கடற்றொழில், பனந்தொழில், பன்னவேலை, தோட்டம், தச்சு, கோயிற் பூசை என ஆறு துறைகள். குழுக்களை நான்தான் பிரித்தேன். நண்பர்கள் ஒன்றாக விழாதபடியும், கடற்கரைப் பிள்ளை கடலுக்குப் போகாதபடியும், தோட்டக்காரர் பிள்ளை தோட்டத்துக்குப் போகாதபடியும் பிரித்தேன்.

இந்த முறைக்கு எனக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1971இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில், அதுவரை தனித்தனியே படித்த வெள்ளையின, கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கு வந்தபோது கைகலப்பு மூண்டது. அங்கே அழைக்கப்பட்ட எலியற் அரன்சன் என்ற உளவியலாளர் ஒற்றுமை பற்றிப் போதிக்கவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். பத்திரிகையாளர் ஜோசப் புலிற்சரின் வாழ்க்கை வரலாறு பாடமென்றால் அதனை ஆறு பகுதியாக்கி ஆறு பிள்ளைகளிடம் கொடுத்தார். ஒருவரிடம் இருக்கும் பகுதி மற்றவரிடம் இல்லை. பரீட்சையோ முழு வரலாற்றிலும். ஆங்கிலம் தடுமாறிய மெக்சிக்கச் சிறுவன் பேசும்போது முதலில் மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவனிடமுள்ள பகுதி கிடைக்காவிட்டால் தங்களுக்கும் புள்ளி இல்லை என்பது விளங்கியபின், பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனிடமிருந்து அதனைப் பெறப் பழகினார்கள். கோல்டன் ஒல்போட் என்ற அறிஞர் 1954இலேயே எழுதியிருந்தார்: வேறுபட்ட கூட்டத்தார் வெறுமனே சந்திப்பதால் வெறுப்புக் குறைந்துவிடாது, சந்திப்பில் சமநிலை வேண்டும், பொது நோக்கம் வேண்டும், கூடி உழைத்தல் வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வேறுபட்ட சாதியார் நூற்றாண்டுகளாக நாள்தோறும் சந்தித்தே வந்திருக்கிறார்கள். ஒருவர் வேலிக்கு உள்ளே, மற்றவர் வேலிக்கு வெளியே. ஒல்போட் கேட்ட நான்கில் ஒன்றுகூட அந்தச் சந்திப்பில் இல்லை.

ஆயினும் ஒஸ்ரினுக்கும் உடுப்பிட்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே வேறுபாடு முகத்தில் தெரிந்தது. இங்கே முகமும் மொழியும் சமயமும் ஒன்று. வேறுபாடு ஒருவரை மற்றவர் அழைக்கும் சொல்லிலேதான் இருக்கிறது.

இதனை வகுப்பிலே வெளிக்கொண்டுவந்தவன் ஒரு மாணவன். பனந்தொழில் குழுவுக்கு, அயலூரில் எழுபது வயது தாண்டிய ஒரு முதியவரிடம் செல்வதென்று முடிவாயிற்று. வினாக்கொத்துத் தயாரித்துக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "சேர், அவரை என்னெண்டு கூப்பிடுறது?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. "வீட்டிலை எப்பிடிக் கூப்பிடுறவை?" என்றேன். "அப்பப்பா அவற்றை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறவர். அப்பாவும் அப்பிடித்தான்," என்றான். தகப்பனுக்கு முதியவரைவிட வயது இருபது குறைவு. "ஐயா எண்டு கூப்பிடலாம்தானே," என்றாள் ஒரு மாணவி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது யாரென்று நான் தேடவில்லை. சிரிப்பு அந்த ஒருவருடையது மட்டுமன்று.

அன்றைய பாடம் வேற்றுமை. எழுவாய், ஐ, ஆல், கு என்று ஏழையும் சொல்லிவிட்டு எட்டாவதான விளி வேற்றுமைக்கு வரும்போது மணி அடிப்பது எல்லா வகுப்பிலும் வழக்கம். எட்டாவது ஒரு வேற்றுமையா என்பதிலேயே பழைய இலக்கணகாரரிடையே இரு கருத்து இருந்திருக்கிறது. தொல்காப்பியர் வேற்றுமை ஏழு என்பாரைக் குறிப்பிட்டுவிட்டு விளியோடு எட்டு என்கிறார்; அதற்கென்று சொல்லதிகாரத்தில் விளிமரபு என ஓர் இயலே வகுத்திருக்கிறார். அருகில் உள்ளவரை அழைக்கும்போது பெயர் இயல்பாகவே நிற்கும் என்றும், தொலைவில் உள்ளவரை அழைக்கும்போது ஓசை நீளும் என்றும் அங்கே விதி உண்டு. சாதிக்கேற்ப விளி மாறும் என்று விதி இல்லை. அந்த விதியை எழுதாமலே காத்து வந்தவர்கள் நாங்கள். தமிழில் ஒருவரை மதிப்பதும் மதியாமையும் மனத்துக்குள் ஒளித்து வைக்கக்கூடியவை அல்ல. நீ, நீர், நீங்கள் என்ற மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் ஒரு வசனமும் பேச முடியாது. வா, வாரும், வாங்கோ என்று வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலேயனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. எல்லோருக்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடுவான்.

ஆகவே வினாக்கொத்தின் முதற்கேள்வி இவ்வாறு அமைந்தது: "உங்களை நாங்கள் என்னெண்டு கூப்பிட?"

குழுக்கள் புறப்படுமுன் இரண்டு பெற்றோர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். "என்ரை பிள்ளையை ஏன் அந்தப் பக்கம் அனுப்புறியள்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வது கடினமாக இருக்கவில்லை. மற்றவர், குழுவொன்று போகவிருந்த குடியிருப்பைச் சேர்ந்தவர். அவருடைய பிள்ளையும் எங்கள் வகுப்புத்தான். அமைதியாகக் கேட்டார்: "மாஸ்ரர், எங்களைப் பாத்து எழுத வருகினமோ? நாங்கள் என்ன, கண்காட்சிச் சாமானோ?"

இந்த இரண்டாவது கேள்வியை நேயர்கள், குறிப்பாக ஆசிரியர்களாக இருப்பவர்கள், மனத்திற்கொள்ள வேண்டும். வேறுபாட்டை மதித்தல் என்ற பெயரில் இன்று நடப்பவற்றிற் பெரும்பகுதி கண்காட்சியே. நான்கு இனத்து உடை, நான்கு சமயத்துச் சின்னம், நான்கு நடனம் என்று மேடையில் நிறுத்திக் கைதட்டுகிறோம். பார்ப்பவன் ஒருவன், பார்க்கப்படுபவன் இன்னொருவன் என்ற பழைய ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஆராய்ச்சி என்ற சொல்லுக்கும் அந்த வாடை உண்டு. ஆராய்பவன் மேலே, ஆராயப்படுபவன் கீழே.

அவரோடு ஒரு மணித்தியாலம் பேசியதில் மூன்று ஏற்பாடுகள் உருவாகின. பாதிக்குமேல் அவர் சொன்னவை. பிள்ளைகள் ஆட்களைப் பற்றி எழுதமாட்டார்கள், சொற்களைக் கற்கவே போவார்கள். சாதியைப் பற்றிக் கேட்கவும் மாட்டார்கள்; சொல்ல விரும்புபவர் தாமாகச் சொன்னால் அவர் சொன்னபடியே எழுதுவார்கள். எழுதியதை அவருக்கே முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். பிழையென்று அவர் சொன்னால் திருத்த வேண்டும். இறுதியாக, ஒவ்வொரு பிள்ளையும் அதே வினாக்கொத்தைத் தன் வீட்டுப் பாட்டன் பாட்டியிடமும் கேட்டு எழுத வேண்டும். எவரும் ஆராய்ச்சிக்கு வெளியே நிற்கக் கூடாது. இருபது புள்ளியில் ஐந்தை, கற்பித்தவரே இடவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஐந்து சனிக்கிழமைகள் போனார்கள். கொண்டுவந்த சொற்களையெல்லாம் இங்கே சொல்ல நேரம் போதாது. சிலவற்றைச் சொல்லாமல் விடவும் மனமில்லை. கடற்கரைக்குப் போன குழுவிடம் ஒருவர், "கச்சான் தொடங்கினால் இந்தப் பக்கம் வள்ளம் இறக்கேலாது," என்றாராம். கச்சான் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கோயில் திருவிழாவில் சரையில் வாங்கும் நிலக்கடலை. கடலைக்கும் வள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தி கேட்டுவிட, கரையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டு, மணலில் கோடு கீறி நான்கு காற்றையும் காட்டியிருக்கிறார்கள்: மேற்கே கச்சான், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம். பத்து வருடம் தமிழ் படித்தும் தன் ஊர்க் காற்றின் பெயர் தெரியாதிருந்ததை அந்த மாணவி அறிக்கையில் எழுதினாள். பன்னவேலைக் குழு கடகம், உமல், குட்டான், நீற்றுப்பெட்டி, திருகணை என்று ஒரு கூடை சொல்லோடு வந்தது. பனந்தொழில் குழுவுக்குக் குருத்தோலை, சார்வோலை, காவோலை என்ற ஓலையின் பருவங்களும், தளநார், முட்டி, பன்னாடை, கருப்பணி முதலியனவும் கிடைத்தன. இவற்றுட் சில என் அறிவுக்கும் புதியன. நிகண்டு படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதற்கும் இது நல்ல மருந்தாயிற்று.

முதற்கேள்விக்கு அந்த முதியவர் உடனே பதில் சொல்லவில்லையாம். கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ரை பேரப்பிள்ளை அப்பு எண்டு கூப்பிடும். நீங்களும் அப்பிடியே கூப்பிடுங்கோவன்," என்றாராம். பிறகு தாமாகவே சொல்லியிருக்கிறார்: "உங்கடை வயதிலை நான், பத்து வயதுப் பெடியனையும் நயினார் எண்டுதான் கூப்பிடவேணும். எங்கடை அப்பு கிழவன். அவரை அந்தப் பெடியன் பேர் சொல்லி வாடா எண்ணும்." இந்தப் பகுதியை அறிக்கையிற் சேர்ப்பதா என்று குழுவுக்குள் பெரிய விவாதம். சேர்க்கக் கூடாது என்று நின்றவன் முன்பு அந்தக் கேள்வியை எழுப்பிய மாணவனே. தன் அப்பப்பாவைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறதாம். முதியவரிடமே போய்க் கேட்டார்கள். "நடந்ததுதானே மோனை, எழுது. ஆற்றை பேரையும் எழுதாதை," என்றார். அறிக்கையில் அது அப்படியே இருக்கிறது, பெயர்கள் இல்லாமல்.

தன் வீட்டில் அதே வினாக்கொத்தைக் கேட்ட அந்த மாணவனுக்கு அப்பப்பா பதில் சொல்ல மறுத்துவிட்டார். "பதில் தரப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தான். அதற்கும் முழுப்புள்ளி இட்டேன்.

கோயிற் பூசைக் குழுவைப் பற்றியும் ஒரு சொல். பூசகர் குடும்பங்கள் உயர்ந்த இடத்தில் இருப்பவை. அவர்களை மதிக்கக் கற்பிப்பானேன் என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். பொலிகண்டியிற் பிறந்து, தேவரையாளியிலே படித்து அங்கேயே கற்பித்த தெணியானின் 'பொற்சிறையில் வாடும் புனிதர்கள்' நாவலை அவரிடம் கொடுத்தேன். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து எழுந்த எழுத்தாளர் ஒருவர், அந்தணக் குடும்பங்களின் வறுமையையும் அடைபட்ட வாழ்வையும் பரிவோடு எழுதிய நாவல் அது, 1989இல் வெளிவந்தது. தன்னை ஒதுக்கிய ஏற்பாட்டின் உச்சியில் இருப்பவனும் அதற்குள் சிறைப்பட்டவன் என்று காண்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 2022இல் தெணியான் மறைந்தார். எங்கள் மாணவர் அவரைப் பற்றி எழுதும் குறிப்பில் சாதி எதிர்ப்பு எழுத்தாளர் என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது.

மூன்று மைல் வட்டத்துக்குள் எல்லா மனிதரும் அகப்படமாட்டார்கள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. பழைய இரும்பு, போத்தல் வாங்க எங்கள் ஒழுங்கையால் சைக்கிளில் வரும் நானா அந்த வாரம் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. 2009இன் பின் ஒரு பகுதியினர் நகரத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் என் மாணவர் எவருக்கும் முஸ்லிம் நண்பன் ஒருவன்கூட இல்லை. சிங்கள நண்பனும் இல்லை, மலையக நண்பனும் இல்லை. மொழியாலும் சமயத்தாலும் பிரிந்து கிடக்கும் பாடசாலை அமைப்பில் அதற்கு வாய்ப்பும் இல்லை. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகிய 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதியவர் சித்திலெப்பை என்பதும், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழில் தந்தவர் எம். எம். உவைஸ் என்பதும் அவர்களுக்குப் பெயர்களே.

எனவே அடுத்த தவணையில் ஆறு குழுவுக்கும் ஒரே விடயத்தைக் கொடுத்தேன்: உறவினரை அழைக்கும் சொற்கள். நகரில் உள்ள முஸ்லிம் குடும்பங்களிடம் இரு குழுக்கள் பேருந்திற் போயின. பருத்தித்துறைப் பக்கம் குடியேறியிருந்த மலையகத்துக் குடும்பமொன்றிடம் ஒரு குழு. சிங்களச் சொற்களுக்கு, எங்கள் கல்லூரிக்கு இரண்டாம் மொழி கற்பிக்க வரும் ஆசிரியையைப் பிடித்தார்கள். கரும்பலகையில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியபோது வகுப்பே கலகலத்தது. 'தாத்தா' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டிலும் மலையகத்திலும் அது பாட்டன். சிங்களத்தில் தகப்பன். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரி! 'அய்யா' சிங்களவருக்குத் தமையன். எங்களுக்குத் தகப்பனும் ஆவார், வணக்கத்துக்குரிய எவரும் ஆவார். 'அக்கா'வோ இரண்டு மொழியிலும் அக்காதான். "அப்ப சேர், ஒரு சிங்களப் பெடியன் எங்கடை அப்புவை அய்யா எண்டால் அண்ணை எண்டு அர்த்தமோ?" என்று ஒருவன் கேட்டான். "தாத்தாவைக் கலியாணம் கட்டிக் குடுத்தாச்சு" என்ற வசனத்தை மூன்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று இன்னொருவன் நடித்துக் காட்டினான். அந்தச் சிரிப்பு, முந்திய தவணையில் பின்வரிசையிலிருந்து கேட்ட சிரிப்பன்று.

நகரத்துக்குப் போன குழுவுக்கு ஒரு வாப்பா சொற்களோடு வேறு ஒன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியேறிய நாளில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட காசு எவ்வளவு, விட்டுச் சென்றவை எவை என்ற விபரம். பிள்ளைகள் அதை என்னிடம் வாசித்துக் காட்டியபோது ஒருத்தி, "இதை ஏன் சேர் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டாள். சமூகக்கல்வி ஆசிரியரிடம் கேள் என்று தட்டிக் கழித்திருக்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த நானாவைப் பற்றியும் சொன்னேன்.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் ஊரில் கலியாணப் பேச்சு இன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது நேயர்களுக்குத் தெரியும். குழுவில் ஒன்றாகச் சைக்கிள் ஓடிய பிள்ளைகள் கோயில் தேரன்று ஒரே வடத்தைப் பிடிக்கிறார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு தமிழாசிரியனால் எட்டு வேற்றுமையில் கடைசி ஒன்றைத்தான் கொஞ்சம் சீர்செய்ய முடிகிறது.

புள்ளி விடயம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பன்னவேலை கற்பித்த ஆச்சியிடம் ஆறு பேரின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்து, ஐந்துக்கு இத்தனை என்று சொல்லச் சொன்னோம். ஐந்து பேருக்கு ஐந்து கொடுத்தார். ஆறாமவனுக்கு நாலு. கெட்டிக்காரன்; சொற்களிற் பாதியை எழுதியவன் அவன்தான். காரணம் கேட்டோம். "மற்றப் பிள்ளையள் எல்லாம் நான் குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சதுகள். இவர் ஒவ்வொரு நாளும் குடிச்சிட்டுத்தான் வந்தனான் எண்டவர்," என்றார் ஆச்சி. கோபமாகச் சொல்லவில்லை. ஓலை கிழித்துக்கொண்டே சொன்னார்.

புள்ளியைக் கூட்டித் தரும்படி அவன் என்னிடம் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, செயற்றிட்டம் முடிந்த பிறகு, தனியாகச் சைக்கிளில் அந்தப் பக்கம் போனான் என்று குழுவினர் சொன்னார்கள். புள்ளிப் பதிவேட்டில் நாலு என்றுதான் இருக்கிறது.